ஐப்பசியில் பிறந்தவளுக்கு ஜூன் பதினாலு

ஜூன் 3, செவ்வாய்

வெயில். அக்னி நட்சத்திரம் முடிந்ததாம், காலண்டரில் மட்டும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் இல்லை. யாழினிக்கு நேற்று 101, இன்று 99.2. நாலு முறை வைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்குமோ என்று எனக்கும் ஒரு முறை.

வாங்க வேண்டியது: காய்ச்சல் மருந்து (பாட்டிலில் பாதிக்கும் கீழே), கேப்பை மாவு, சேஃப்டி பின், யாழினிக்குச் செருப்பு.

சாயங்காலம் மருந்துக்கடை. நல்ல கூட்டம். கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு காலேஜ் பெண். "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கங்க." திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான். அவளுக்கு இருபது இருக்கும். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் ஆன்ட்டி.

அது போதாதென்று வளையல் கடை. அத்தையும் கூட வந்திருந்தார். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அக்கா தங்கச்சியா என்று கேட்டார். வீடு வரும்வரை அத்தைக்கு அதே பேச்சு. "மாமியார்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாரும்மா." கீழ் வீட்டிலும் சொல்லியாயிற்று. யாருக்கும் தோன்றவில்லை, இதில் இன்னொருத்திக்கு எத்தனை வயது கூடிப்போயிற்று என்று.

இந்த வீட்டு வயதுகள்:
அத்தை: ஆதாரில் 53. நடையில் 35.
இவர்: 32. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பையைத் தூக்கினால் 19. குழந்தை ராத்திரி அழுதால் 80, காது கேட்காது.
யாழினி: 2. சரியாக 2. சொந்த வயதில் இருப்பவள் அவள் ஒருத்திதான்.
நான்: சர்ட்டிஃபிகேட்படி இந்த மாதம் 14-ம் தேதி 28 முடிகிறது. நிஜத்தில் ஐப்பசி வந்தால்தான் 27. முதுகைக் கேட்டால் 50.

என் கல்யாணத்தன்று அத்தைக்குப் பத்து வயது குறைந்தது. அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 4, புதன்

ரேவதியிடமிருந்து மெசேஜ். காலேஜில் பக்கத்து பெஞ்ச். ஒரு தனியார் வங்கி, திண்டிவனம் கிளை, பி.காம். போதும். ஒரு வருஷம் பயிற்சி, பிறகு நிரந்தரம். கல்யாணத்துக்கு முன் நான் ஆடிட்டர் ஆபீசில் இருந்த இரண்டு வருஷத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கடைசித் தேதி 13.

மூன்று முறை படித்தேன். சாம்பார் அடிப்பிடித்தது. அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் சின்ன எழுத்தில்: ஜூலை 1 அன்று 28 வயது முடிந்திருக்கக் கூடாது.

பதினேழு நாள். சர்ட்டிஃபிகேட்டில் இருக்கும் அந்த ஜூன் 14-ஆல் பதினேழு நாள் அதிகம். நிஜத்தில் எனக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

இதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வெட்கப்படுவதில்லை. என் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஹெட்மாஸ்டர் ஒரு ஜூன் தேதியைப் போட்டுக்கொள்வார். நான் அப்போது நாலுகூட முடியாதவள். காது எட்டவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாராம், முழங்கையையும் தூக்கிவிட்டாராம். விரல் பட்டுவிட்டது. எத்தனையோ விசேஷங்களில் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன்.

இன்று சிரிப்பு வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

யாழினி நார்மல். இருந்தும் இரண்டு முறை பார்த்தேன்.

வங்கி நம்பருக்கு மொட்டைமாடியில் நின்று போன் செய்தேன். ஒரு பெண். குரல் சின்னது, ஆனால் பொறுமையாகப் பேசினாள். "டென்த் மார்க்‌ஷீட்ல என்ன டேட் இருக்கோ அதான் மேடம்." நான் விடவில்லை. உள்ளே யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். நகராட்சி பிறப்புச் சான்றிதழோடு, தேதி தவறு என்று பெற்றோர் நோட்டரியில் அஃபிடவிட் கொடுத்தால் தலைமை அலுவலகம் பரிசீலிக்கலாமாம். உறுதி சொல்ல முடியாதாம்.

பரிசீலிக்கலாம். அது போதும் எனக்கு.

பிறப்புச் சான்றிதழ் அம்மாவின் டிரங்குப் பெட்டியில். கையெழுத்துப் போட அப்பா. சனிக்கிழமை போகிறேன். யாழினியைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அத்தைக்குச் சந்தோஷம், அவருக்கும் சனிக்கிழமை கோயில் குரூப் இருக்கிறது. வேனில் திருவாமாத்தூர், அப்படியே இன்னும் நாலு கோயில்.

ஜூன் 7, சனி

இதை வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே அப்படி இருக்காது என்று சொல்லிக்கொள்வேன்.

காலை 8.15 பஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டில் இருபது நிமிஷம். யாழினி மடியில் தூங்கிவிட்டாள், என் இடது கை மரத்துப்போயிற்று. திண்டிவனத்திலிருந்து பாண்டி ரோட்டு பஸ் பிடித்து கிளியனூரில் இறங்கினேன். தம்பி தினேஷ் பைக்கோடு நின்றான். தாடி வளர்த்திருக்கிறான். "இன்னாக்கா, பாதியா ஆயிட்ட. ஊட்ல சோறு போடறாங்களா, ஆள அனுப்பட்டுமா?" சிரித்தேன். கிளியனூரிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர்.

சாப்பிட்டதும் அம்மாவிடம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் கவரில் எல்லாம் ஒன்றாக இருந்தது. என் ஜாதக நோட்டு, தினேஷுடையது, இரண்டு பேர் மார்க்‌ஷீட், பிறப்புச் சான்றிதழ்கள். என்னுடையதை எடுக்கும்போது அவனுடையது தரையில் விழுந்தது. அவனுடைய மார்க்‌ஷீட்டும் பக்கத்தில்.

அவன் ஜாதகத்தில் வைகாசி. பிறப்புச் சான்றிதழிலும் அதேதான். மார்க்‌ஷீட்டில் அதற்கு அடுத்த வருஷம் ஜூன்.

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நிஜத்தில் எனக்கும் அவனுக்கும் ஒரு வருஷம் ஏழு மாதம். மார்க்‌ஷீட்டில் சரியாக நாலு வருஷம். எனக்கு ஏற்றியிருக்கிறார், அவனுக்கு இறக்கியிருக்கிறார். அதே பள்ளிக்கூடம், அதே ஹெட்மாஸ்டர், அதே அப்பா. அவன் லேட்டாகச் சேர்ந்தது சின்ன வயதில் உடம்பு சரியில்லாததால் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் ஐந்தாவதில் இருந்தபோது அவன் ஒன்றாவது. அவன் பையையும் சேர்த்து நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றரை வயது மூத்தவள்.

அப்பா வாசலில் உட்கார்ந்து விதைக் கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன்.

"தம்பிக்கு ஏம்பா கொறச்ச?"

"ஆம்பளப் புள்ள. சர்க்கார் பரீட்ச எழுத வயசு வேணும். ஒரு வருசம் கூட இருந்தா இன்னொரு வாட்டி எழுதிப் பாப்பான்."

"அப்ப எனக்கு?"

"உனக்கு இன்னா. ஜல்தியா படிச்சி முடிச்சா ஜல்தியா போவலாம்னுதான்."

"எங்கப்பா போவலாம்?"

உரித்துக்கொண்டே இருந்தார். தொலியை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் போட்டார், ஒன்றுகூட மாறவில்லை.

அஃபிடவிட் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, அந்த வங்கிப் பெண் என்னிடம் சொன்ன மாதிரியே. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: பொய்த் தேதி கொடுத்தேன் என்று அவரே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யாராவது தம்பியைத் தோண்டுவார்கள். அவனுக்கு அடுத்த மாதம் பரீட்சை. ஒரு வீட்டில் ஒன்று தப்பு என்றால் இன்னொன்றையும் பார்க்கமாட்டார்களா.

"நீதான் செட்டில் ஆயிட்டியேம்மா."

அம்மா உள்ளிருந்து வந்தாள். "சத்தம் போடாத சுகன்யா. அவன் சின்னப் புள்ள."

இருபத்தைந்து வயது. தாடி. சின்னப் புள்ள.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எல்லாம் நினைவில்லை. யாழினி பயந்து அழுதது நினைவிருக்கிறது. தினேஷ் உள்ளே வந்து காலண்டர் தாளை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். தனக்குத் தெரியாது என்றான். நம்புகிறேன். குறைத்துக் கொடுத்தது யாருக்கும் தெரியாது. ஏற்றி வைத்ததுதான் தெரியும், சுமக்கிறவளுக்கு.

பஸ் நிறுத்தத்தில் பைக்கை நிறுத்திவிட்டுச் சொன்னான், "அப்பாவ விடுக்கா. வயசாயிடுச்சு."

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. தம்பி சின்னப் பிள்ளை. விட வேண்டியவள் நான். பிறப்புச் சான்றிதழையும் என் மார்க்‌ஷீட்டையும் மட்டும் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. புழுக்கம். துணி இரண்டு வாளி.

இவரிடம் சொன்னேன். கிரிக்கெட்டிலிருந்து வந்து முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். "வயசு கம்மின்னா நல்லதுதான? எல்லா லேடீசும் கொறச்சித்தான சொல்லிக்கிறாங்க." ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். நான்தான் துடைத்தேன். துடைத்து முடித்தபிறகுதான் துடைத்தேன் என்றே தெரிந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

வேலைக்குப் போவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். குழந்தையை யார் பார்ப்பது என்று தன் அம்மாவைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். சம்மதம் அவருடையது, கேட்பது என்னுடையது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நகத்துக்குப் பாலிஷ் வைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு. பிறகு, "அப்போ எங்களுக்குக் குடுத்த ஜாதகம் நெசமா, அதுவும் மாத்தினதா?"

ஜாதகம் நிஜம்தான் அத்தை என்றேன். நம்பினாரா, தெரியாது. உடனே அவர் கதைக்குப் போய்விட்டார். அவர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாதாம், பெரிய மழை பெய்த வருஷம் என்று மட்டும் சொல்வார்களாம். ஆதார் எடுத்த பெண்ணே ஜனவரி ஒன்று என்று போட்டுக்கொண்டாளாம். "தேதியே இல்ல பாரு, அதான் எனக்கு வயசே ஆவுல." விரல்களை ஊதிக்கொண்டே சிரித்தார்.

எரிச்சலாக வந்தது. ஆனால் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு யாரும் தேதி வைத்துக் காத்திருக்கவில்லை. எனக்கு வைத்திருந்தார்கள். பத்தாவது முடித்தால் பன்னிரண்டு, காலேஜ் முடித்தால் மாப்பிள்ளை, கல்யாணம் முடித்தால் விசேஷம் உண்டா. எல்லாமே அந்த ஜூன் 14-லிருந்து எண்ணியது.

ஜூன் 10, செவ்வாய்

யாழினி இன்று செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். இரண்டு வயதுக்கு இன்னும் வாக்கியமாகப் பேசவில்லை. கவலைப்படலாமா? எதிர் வீட்டுப் பிள்ளை பேசுகிறது. டாக்டரைக் கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பார். கேட்க வேண்டும்.

பால் காய்ச்சும்போது நினைவு வந்ததை எழுதி வைக்கிறேன். எனக்குச் சொல்லப்பட்டவை:

நீ பெரியவ, விட்டுக்குடு. (அவனுக்கு நாலு, எனக்கு ஐந்தரை.)

பெரிய பொண்ணு, இன்னும் அம்மா மடியில உக்காரலாமா. (ஆறு வயதில், தேர்த் திருவிழாவில்.)

க்ளாஸ்ல எல்லாரும் வயசுக்கு வந்தாச்சு, இவளுக்கு மட்டும் இன்னா. (அம்மா, பக்கத்து வீட்டில், நான் கேட்கும்படி. டாக்டரிடம்கூடக் கூட்டிப்போனாள். எனக்கு ஒன்றுமில்லை. வகுப்பில் எல்லோருக்கும் என்னைவிட ஒரு வயது அதிகம். அது அம்மாவுக்குத் தெரியாதா?)

இருபத்தஞ்சு முடியப்போவுது, இதுக்கு மேல யாரு வருவாங்க. (ஆடிட்டர் ஆபீசில் நான் இருந்தபோது. எனக்கு அப்போது இருபத்து மூன்று.)

கடைசியில் இருப்பதுதான் ஆத்திரம். தேதியை மாற்றி எழுதியவர்களே அந்தத் தேதியை நம்பிவிட்டார்கள். அப்பா நிஜமாகவே பதறினார், தூக்கம் போயிற்று, தரகர் வீட்டுக்கு நாலு நடை நடந்தார். நடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் போட்ட பொய்யை அவரே மறந்துபோனார், அதற்கு நான் ஓடினேன். அந்த ஒன்றேகால் வருஷம் இருந்திருந்தால் ஆடிட்டர் சொன்ன பரீட்சையின் இரண்டாவது பகுதியை எழுதியிருப்பேன். எழுதினால் தேறியிருப்பேனா, அது வேறு. எழுதியிருப்பேன்.

களைப்பால்தான் வயது கூடுகிறது என்று இவ்வளவு நாள் நினைத்தேன். பஸ்ஸில் பார்க்கிறேனே, நடவு முடித்து வருகிற பெண்கள், இடுப்பு ஒடிந்திருக்கும், ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு சிரிக்கிறார்கள். களைப்பு இல்லை. நம் பங்குக்கு வராததையும் நம்மிடமே கேட்டுக்கொண்டிருந்தால் கூடுகிறது. எந்த மருந்து, எத்தனை மணி பஸ், கேஸ் எப்போது தீரும், குழந்தை ஏன் அழுகிறது. பதில் வைத்திருப்பவள் கிழவி. கேட்கிறவர்கள் எல்லாம் இளசு.

அம்மா போன். எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

நாளை கடைசி நாள்.

யாழினியை அத்தையிடம் விட்டுவிட்டுக் கோர்ட்டுப் பக்கம் போனேன். எங்கே என்று அத்தை கேட்கவில்லை. டிவியில் சீரியல்.

மரத்தடியில் டைப் அடிக்கிறவர், கம்ப்யூட்டர், பின்னால் பேட்டரி. விஷயத்தைச் சொன்னேன். நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். முதலில் என் பெயர், வயது கேட்டார். எந்த வயது என்று கேட்டேன். ஆதாரில் இருப்பதுதான் என்றார். 27 என்று அடித்தார். அதாவது எனக்கு 27 வயது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே எனக்கு 26 வயது என்று சத்தியம் செய்ய வேண்டும். அவருக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. தினம் அடிப்பார் போல.

பிறகு நிறுத்தினார். நான் பிறந்ததை நானே சாட்சி சொல்ல முடியாதாம். பெற்றோர் வேண்டும். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றார். இருக்கிறார், வரமாட்டார் என்றேன்.

"அப்பா வரலன்னா அம்மா வரட்டுமேம்மா. பெத்தது அவங்கதான?"

ஐந்து நாளாக எனக்கு இது தோன்றவில்லை. பி.காம். முதல் வகுப்பு. கையெழுத்து என்றால் அப்பா. என் புத்திக்கும் அவ்வளவுதான் எட்டியிருக்கிறது. என் மேலேயே கோபம். வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பாவ கேக்கணுமே" என்றாள்.

கேட்காதே என்றேன். அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம். பிறகு, "பாப்பாவுக்குக் காச்சல்னு சொல்லிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

யாழினி அத்தையிடம். 11.10-க்குப் புது பஸ் ஸ்டாண்டில் அம்மா. புதுப் புடவை. கூடை நிறைய வேகவைத்த மல்லாட்டை, முருங்கைக்கீரை. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வந்தவள், என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று.

ஆட்டோவில் கேட்டேன், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, நாலு வயதுகூட ஆகவில்லை என்று. கோபமாகத்தான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்பாதான் உள்ளே போனாராம், அம்மாவை வேப்பமரத்தடியில் தம்பியோடு நிற்க வைத்துவிட்டு.

"என்ன யாரு கேட்டாங்க?"

அப்படியும் கோபம் போகவில்லை. வயதுக்கு வரவில்லை என்று என்னை டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவளை யார் தடுத்தார்கள்?

டைப் அடிக்கிறவர் வாசித்துக் காட்டினார். ஐப்பசி, தீபாவளிக்கு மறுநாள், விடியற்காலை என்று அம்மா சொன்னாள். அவர் ஆங்கிலத் தேதியை மட்டும் போட்டுக்கொண்டார். மழையையும் போடச் சொன்னாள், அன்றைக்கு மழையாம். அதெல்லாம் வேண்டாம்மா என்றார். அம்மா கையெழுத்துப் போட்டாள். ச, ரோ, ஜா. ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி, பேனாவைத் தூக்கிப் பார்த்து. நோட்டரி வக்கீல் சீல் வைத்தார்.

பிரவுசிங் சென்டர். மூன்றே கால் மணி. சர்வர் இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை படிவம் திறந்தது. பிறந்த தேதியில் என் தேதியைப் போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு படிவத்தில் என் தேதி. பக்கத்துப் பெட்டியில் வயது தானாக வந்தது. பிறப்புச் சான்றிதழ், அஃபிடவிட், மார்க்‌ஷீட் எல்லாம் ஏற்றியாயிற்று. சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சை எழுத்து. மார்க்‌ஷீட்டைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். போடட்டும். என் தேதியைப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் அம்மாவை உட்கார வைத்தேன். வீட்டுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள், இருட்டுவதற்குள் போக வேண்டும். கையெழுத்துப் போட்டதை அப்பாவிடம் சொல்லாதே என்றாள். டைப் அடிக்கும்போது ஒரு முறை, பிரவுசிங் சென்டரில் ஒரு முறை கேட்டதைத் திரும்பவும் கேட்டாள், ஜன்னல் கம்பி வழியாக என் விரலைப் பிடித்துக்கொண்டு.

"தம்பிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஒண்ணும் ஆவாதும்மா. நான் பாத்துக்கறேன்."

பஸ் கிளம்பிவிட்டது. அவனுக்கு ஆகுமா ஆகாதா, எனக்கு எப்படித் தெரியும். எனக்கு இருபத்தாறு வயது.